நிலக்கரிச் சுரங்க உரிமமும் நில அமிழ்வுத் திட்டமும்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென உள்வாங்கியபோது, ‘நில அமிழ்வு’ என்னும் சொல் நம் நாளேடுகளின் தலைப்புகளில் இடம்பெற்றது. அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது வாய்திறந்த குழி. ஆயினும் நிலம் அமிழ்வதில் வேறொரு வகையும் உண்டு. ஓசையின்றி, பல ஏக்கர் பரப்பில், ஒரு தட்டின் நடுப்பகுதி குழிந்திருப்பதுபோல் தரை மெல்லத் தாழும். நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மேலுள்ள ஊர்களில் இவ்வகை அமிழ்வு பெரிதும் நிகழ்கிறது. இது எதிர்பாராத விபத்தன்று. எங்கே, எப்போது, எவ்வளவு தாழும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அரசிடம் எழுதிக்கொடுத்து, உரிமம் பெற்ற பின்னரே அங்கு நிலம் அமிழ விடப்படுகிறது.

அவ்வாறு எழுதிக்கொடுக்கப்படும் நில அமிழ்வுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் என்ன இருக்க வேண்டும், அது யாரைக் காக்கிறது, எவ்விடத்தில் காக்கத் தவறுகிறது என்பனவே இவ்வுரையின் பொருள். இத்துறையில் விரிவான சட்டமும் நீண்ட வழக்கு வரலாறும் கொண்ட நாடு அமெரிக்கா. அதிலும் சிறப்பாகப் பென்சில்வேனியா மாநிலம். ஆதலின் நம் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே வருகின்றன.

முதலில் நிலம் ஏன் தாழ்கிறது என்பதைக் காண்போம். நிலத்தடியில் நிலக்கரி எடுக்கும் முறைகள் இரண்டு. ஒன்று அறை–தூண் முறை. கரியைக் குடைந்து அறைகளாக்கி, இடையிடையே கரியையே தூண்களாக விட்டுவிடுவர். அத்தூண்கள் மேலுள்ள பாறையைத் தாங்கும். 1915 முதல் 1960 வரை சிலாங்கூரின் பத்து ஆராங்கில் நிலக்கரி எடுக்கப்பட்டதை நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கலாம். அங்கும் திறந்தவெளிச் சுரங்கத்தோடு நிலத்தடிச் சுரங்கமும் இருந்தது. விட்டுவைத்த தூண்கள் என்றும் நிலைப்பவை அல்ல. சுரங்கம் மூடிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும், சுரங்கத்தையே மறந்துவிட்ட ஒரு தலைமுறையின் காலடியில், ஒரு தூண் நொறுங்கக்கூடும்.

மற்றொன்று நெடுஞ்சுவர் முறை. இதில் தூண் விடப்படுவதில்லை. அகலம் முந்நூறு மீட்டருக்கும் மேலாக, நீளம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக இருக்கும் ஒரே கரிப்பாளத்தை, சுழலும் பற்களுடைய எந்திரம் சுவர்போல் சீவிக்கொண்டே செல்லும். நீரழுத்தத்தால் இயங்கும் எஃகுத் தாங்கிகள் எந்திரத்தையும் தொழிலாளர்களையும் காத்தபடி உடன் நகரும். அவை நகர்ந்து சென்ற இடத்தில் கூரை தானே இடிந்து விழும். விழ வேண்டும் என்பதே இம்முறையின் ஏற்பாடு. உடைந்த பாறை முன்னிருந்ததைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், எடுத்த கரியின் தடிப்பு முழுவதும் தரையில் பள்ளமாகத் தெரிவதில்லை. தென்மேற்குப் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நிலக்கரிப் படலம் ஏறத்தாழ 1.8 மீட்டர் தடிப்புடையது. அதை எடுத்தால் மேலே தரை ஒரு மீட்டருக்கும் சற்று மிகுதியாகத் தாழும். தாழ்வின் பெரும்பகுதி சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முடிந்துவிடும்.

இவ்விடத்தில் பலர் தவறாக எண்ணுவது ஒன்றுண்டு. பள்ளத்தின் நடுவிலுள்ள வீடே மிகுதியாகச் சிதையும் என்று தோன்றும். உண்மை பெரும்பாலும் வேறு. நடுவிலுள்ள வீடு மிக ஆழமாக இறங்கினாலும், ஏறக்குறைய ஒரே சமமாக இறங்குகிறது. ஓரத்திலுள்ள வீட்டின் அடித்தளமோ ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் நிலைத்து நிற்கிறது. அங்குத் தரை இழுபட்டு விரிகிறது. சுவர் பிளக்கிறது, கதவுச்சட்டம் கோணுகிறது. சுரங்கம் முன்னேறும்போது இந்த ஓரமும் ஓர் அலைபோல் உடன் நகர்வதால், இறுதியில் நடுவில் அமையும் வீடுகூட இடையில் அந்த இழுப்பைக் கடந்தே வரவேண்டும். ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரு தட்டில் நான்கைந்து மெல்லிய பலகைத் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, மேலே ஈரமணலைப் பரப்பி, நடுத்துண்டைப் பக்கவாட்டில் உருவினால் போதும். வெடிப்பு விளிம்புகளில் எழுவதை மாணவர்கள் கண்ணாரக் காண்பர்.

இன்னொன்று: பள்ளம் சுரங்கத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. கரிப்பாளத்தின் விளிம்பிலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்து மேலேறும் ஒரு கோடு தரையைத் தொடும் இடம்வரை அதன் தாக்கம் பரவும். செங்குத்துக்கும் அக்கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை இழுவைக் கோணம் என்போம். கரி 200 மீட்டர் ஆழத்திலும் கோணம் 25 பாகையாகவும் இருந்தால், சுரங்க எல்லைக்கு வெளியே ஏறத்தாழ 93 மீட்டர் தொலைவுவரை தரை அசையும். தன் வீட்டின் அடியில் சுரங்கமே இல்லாதவரும் பாதிக்கப்படுவது இதனாலேயே. பின்னர் ஒரு வழக்கின் முடிவும் இந்தக் கோணத்தைப் பற்றியே அமைந்தது.

பென்சில்வேனியாவில் நில உரிமை மூன்றாகப் பிரிந்துள்ளது. தரை ஒருவருக்கு, கரி மற்றொருவருக்கு. தரை தாழாமல் தாங்கப்படும் உரிமை தனியே மூன்றாவது சொத்து. இந்தத் தாங்குரிமையைத் தனியாக விற்கலாம், விட்டுக்கொடுக்கலாம். 1878ஆம் ஆண்டில் ஒரு நிலக்கரி நிறுவனம் தரையை மட்டும் விற்று, கரியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அமிழ்வால் வரும் இழப்புக்கு எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்று பத்திரத்திலேயே எழுதிவாங்கிக்கொண்டது. 1921இல் மாநிலம் இயற்றிய கோலர் சட்டம், குடியிருப்புகள் அமிழும்படி கரி எடுப்பதைத் தடுத்தது. அப்பத்திரத்தின் வழிவந்த வீட்டில் வாழ்ந்த மஹான் தம்பதியர் அச்சட்டத்தின் துணையை நாடினர். 1922இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பில், அச்சட்டம் அளவு கடந்து சென்று நிறுவனத்தின் சொத்தைப் பறிக்கிறது என்று கூறி அவர்களுக்கு எதிராக முடிவுசெய்தது. நீதிபதி பிராண்டைஸ் மட்டும் மாறுபட்டார். 1966இல் மாநிலம் மீண்டும் ஒரு சட்டம் இயற்றியது. அதன்கீழ், காக்கப்பட வேண்டிய கட்டடங்களுக்கு அடியிலுள்ள கரியில் பாதியை எடுக்காமல் விடவேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. 1987இல் அதே உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் இச்சட்டம் செல்லும் என்றது. அறுபத்தைந்து ஆண்டுகளில் நீதிமன்றத்தின் பார்வை மாறியதற்குக் காரணங்கள் பல. அது தனியொரு சொற்பொழிவுக்குரியது.

இதற்கிடையில் 1977ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், அதிபர் கார்ட்டர் ஒப்பமிட்ட கூட்டரசுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிலத்தடிச் சுரங்கத்துக்கு உரிமம் கேட்பவர் அமிழ்வைப் பற்றித் திட்டமிட வேண்டும் என்பது அன்றுமுதல் நாடு தழுவிய கடமையாயிற்று. தொழில்நுட்பமும் பொருளாதாரமும் இடங்கொடுக்கும் அளவுக்குச் சேதத்தைத் தடுக்கவேண்டும் என்று கூறும் அதே சட்டம், நெடுஞ்சுவர் போன்ற முறைகளில் ‘முன்கணித்த, கட்டுப்பட்ட’ அமிழ்வுக்கு விலக்கும் அளிக்கிறது. ஆகவே திட்டத்தின் முதல் வினா, நிலம் அமிழாமல் காக்கப்போகிறீர்களா, அல்லது கணக்கிட்டு அமிழவிடப்போகிறீர்களா என்பதே.

காப்பதாயின், தூண்களின் அளவென்ன, எவ்விடங்களில் கரியைத் தொடாமல் விடுவர், வெற்றிடங்களை எதைக்கொண்டு நிரப்புவர் என்று எழுதவேண்டும். அமிழவிடுவதாயின், வீடுகளுக்கு நேரும் சேதத்தை எவ்வாறு குறைப்பர் என்று எழுதவேண்டும், அல்லது உரிமையாளரின் எழுத்துவழி இசைவைப் பெறவேண்டும். குறைக்கும் செலவு பழுதுபார்க்கும் செலவைவிட மிகுமாயின், உடல்நலத்துக்கும் உயிருக்கும் கேடில்லாதவரை அம்முயற்சியைத் தவிர்க்கலாம் என்றும் விதி கூறுகிறது. வீட்டுக்காரரின் நோக்கில் இது கசப்பான கணக்கு, ஆயினும் மறைவானதன்று. கரியின் ஆழம், படலத்தின் தடிப்பு, மேற்பாறையின் இயல்பு, தோண்டும் வரிசை, காலம் ஆகியவையும் திட்டத்தில் இடம்பெறும். பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டு இல்லம், பொதுக்கட்டடம், பெரிய நீர்த்தேக்கம் ஆகியவற்றின் அடியில் சேதம் வராது என்று காட்டினாலன்றித் தோண்டக்கூடாது. தோண்டுவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்னரே மேலுள்ளோருக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும்.

இவையனைத்தினும் முதன்மையானதாக நான் கருதுவது முன்னாய்வு. 1:12,000 அளவில் ஒரு வரைபடம் வேண்டும். அதாவது பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள வீடு தாளில் ஒரு மில்லிமீட்டர். அதில் கட்டடங்களும் குடிநீர் மூலங்களும் குறிக்கப்படும். வரைபடத்தோடு, ஒவ்வொன்றும் தோண்டுவதற்கு முன் எந்நிலையில் இருந்தது என்னும் பதிவும் சேரவேண்டும். இதன் தேவையை ஒரு மொழிச்சிக்கலே நன்கு விளக்கும். சட்டம் பேசுவது ‘மெட்டீரியல் டேமேஜ்’ பற்றி. மாணவர் ஒருவர் இதைப் ‘பொருட்சேதம்’ என்று மொழிபெயர்த்தால் பொருளே திரிந்துவிடும். ‘பொருட்படுத்தத்தக்க சேதம்’ என்பதே சரி. அதற்கு விதி தரும் விளக்கம், ஒரு கட்டடத்தின் நிலை, தோற்றம், பயன் ஆகியவற்றில் அமிழ்வுக்கு முன்னிருந்த நிலையிலிருந்து நேர்ந்த குறிப்பிடத்தக்க மாற்றம் என்பதாகும். முன்னிருந்த நிலை எழுதிவைக்கப்படவில்லையெனில் மாற்றத்தை எதனோடு ஒப்பிடுவது? சுவரிலுள்ள விரிசல் தன் வயதைத் தானே சொல்வதில்லை. பழைய வீட்டில் அது முன்பே இருந்தது என்று நிறுவனம் கூறினால், இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை வீட்டுக்காரரின் தோளில் விழும்.

1992ஆம் ஆண்டு அக்டோபர் 24இல் வந்த எரிசக்திக் கொள்கைச் சட்டம், வணிக நோக்கில்லாத கட்டடங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் நேரும் பொருட்படுத்தத்தக்க சேதத்தைச் சுரங்க நிறுவனம் பழுதுபார்க்க வேண்டும் அல்லது ஈடுசெய்ய வேண்டும் என்றது. கெட்டுப்போன குடிநீருக்கு மாற்றும் தரவேண்டும். இதை நடைமுறைப்படுத்த வந்த விதிகள் அந்த மெய்ப்பிக்கும் சுமையை மாற்ற முயன்றன. இழுவைக் கோணத்தின் எல்லைக்குள் சேதம் நேர்ந்தால், அது சுரங்கத்தால் நேர்ந்ததென்றே கொள்ளப்படும். மறுப்பதாயின் நிறுவனமே மெய்ப்பிக்கட்டும். அதே எல்லைக்குள் உள்ள வீடுகளின் நிலையையும் முன்னாய்வு பதியட்டும். 1999இல் கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்விரண்டையும் நீக்கியது. தரை அசையக்கூடிய எல்லை வேறு, அங்கு ஏற்பட்ட சேதத்துக்குச் சுரங்கமே காரணம் என்பது வேறு என்பது அதன் வாதம். அறிவியல் நோக்கில் அவ்வேறுபாடு உண்மையே. கோணத்தின் வெளிவிளிம்பில் அசைவு மிகச் சிறியது. ஆனால் ஊகத்தை நீக்கியதோடு பதிவையும் நீக்கியது எனக்கு உடன்பாடில்லை. ஊகம் போனபின் பதிவின் தேவை கூடுமேயன்றிக் குறையாது. கூட்டரசு விதியில் இன்று குடிநீர் மூலங்களின் அளவையும் தன்மையையும் முன்னாய்வு செய்யும் கடமை நிற்கிறது. வீடுகளின் நிலையை ஆய்வதற்கான கடமை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

பென்சில்வேனியா தன் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேறுவழி சென்றது. வீடுகளின் அடியில் கரியை விட்டுவைக்கும் பழைய தடையை அது தளர்த்தி, தோண்டிவிட்டுப் பழுதுபார்க்கும் முறைக்கு மாறியது. கிணறு வற்றினாலோ நீர் கெட்டாலோ, 35 பாகைக் கோணத்துக்குள் இருந்தால் சுரங்கமே காரணம் என்னும் ஊகத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. தோண்டுமுன் நீரை ஆய்வு செய்ய வருபவரை உரிமையாளர் உள்ளே விட மறுத்தால் அந்த ஊகத்தின் துணையை இழப்பார். இவற்றின் விளைவுகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்ந்து அறிக்கை வெளியிடும் கடமையையும் அச்சட்டம் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு விதித்துள்ளது. எத்தனை வீடுகள், எத்தனை கிணறுகள், எத்தனை ஓடைகள் பாதிக்கப்பட்டன, அவற்றுள் எவை தீர்வு கண்டன என்னும் விவரங்களை அவ்வறிக்கைகளில் எவரும் படித்தறியலாம்.