மூளையும் எழுத்தும்

வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து பாடம் படிக்கிறான். சொல்லுக்குச் சொல் தடுமாறுகிறான். பின்வரிசையிலிருந்து சிரிப்பொலி எழுகிறது. மந்த புத்தி என்கிறார் ஒருவர். சோம்பல் என்கிறார் மற்றொருவர். இந்தத் தீர்ப்பு நேர்மையானதுதானா?

1896-ஆம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டு மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பெர்சி அறிவுக் கூர்மை உடையவன். விளையாட்டில் எவருக்கும் இளைத்தவனல்லன். கணக்கும் அவனுக்கு நன்கு வந்தது. ஆனால், ஏழு வயது முதல் கற்பித்தும் எளிய சொற்களைக்கூட அவனால் படிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து இடம் மாறிப் ‘பிரெசி’ என்று எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனே முதல்வனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். கண்ணில் பழுதில்லை, அறிவிலும் பழுதில்லை. மார்கன் இந்நிலையைப் பிறவிச் சொற்குருடு என்றார். இன்று இதனை டிஸ்லெக்ஸியா என்கிறோம்.

இதன் காரணத்தை அறிய, படித்தல் என்பது மூளைக்கு எத்துணைப் புதிய தொழில் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பேச்சைக் குழந்தை கேட்டே கற்றுக்கொள்கிறது. எழுத்தோ தோன்றி ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே, படிப்பதற்கென்று பிறவியிலேயே அமைந்த பகுதி எதுவும் மூளையில் இல்லை. உருவங்களை அடையாளம் காணும் பகுதியில், இடப்புறத்தில் ஒரு சிறிய இடம், கற்கக் கற்க, எழுத்தை அறியும் இடமாகப் பண்படுகிறது. அங்கிருந்து ஒலியையும் பொருளையும் உணரும் பகுதிகளுக்கு வழி உண்டாகிறது. பலர் நடந்து நடந்து வயலில் ஒற்றையடிப் பாதை தோன்றுவது போன்றது இது.

டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுள் பெரும்பாலோர்க்குப் பேச்சொலிகளைப் பிரித்துணர்வதும், அவற்றை எழுத்தோடு இணைப்பதும் கடினமாக இருக்கின்றன. நம் ‘கெ’ என்னும் எழுத்தையே பாருங்கள். கொம்பு முன்னே நிற்கிறது. ‘எ’ என்னும் ஒலியோ ‘க்’ என்பதற்குப் பின்னே வருகிறது. நாம் இதனை எண்ணாமலே படித்துவிடுகிறோம். அவர்களோ ஒவ்வோர் அடியையும் முயன்று வைக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் படிக்கும்பொழுது மூளையின் இடப்புறப் பகுதிகள் சில குறைவாகவே இயங்குவதை, காந்தப் புலத்தைக் கொண்டு மூளையைப் படமெடுக்கும் கருவி காட்டுகிறது.

அப்படியாயின் இது மாறாத விதியா? அன்று. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இத்தகைய 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர்க்கு ஒலிகளைப் பகுத்தறியும் பயிற்சி சில வாரங்கள் அளிக்கப்பட்டது. அவர்கள் படிக்கும் திறன் உயர்ந்தது. மூளையில் மந்தமாக இருந்த பகுதிகளின் இயக்கமும் பெருகியது. தேய்ந்த பாதையில்லாத இடத்திலும் நடந்தால் தடம் விழும் என்பதற்கு இது சான்று அன்றோ?

பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும்? ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை ஒன்றன்பின் ஒன்றாக, முறையாகக் கற்பிக்க வேண்டும். ஒன்று நிலைத்த பின்பே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். வாய் ஒலிக்க, கண் காண, விரல் வரையக் கற்பிக்கும் முறையைப் பலர் கையாளுகின்றனர். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லிப் பழகிய நம் முன்னோர்க்கு இது புதிதன்று.

பயிற்சி பெற்ற பின்னும் சிலருக்குப் படிக்கும் வேகம் குறைவாகவே இருக்கலாம். அதனால்தான் நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனையும் ஏற்றுக்கொண்டு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் ஆகிய வசதிகளைக் கூறுகிறது. அது சலுகை அன்று, நீதி.

மாணவ நண்பர்களே! உங்கள் வகுப்பிலும் ஒரு பெர்சி இருக்கலாம். அவன் தடுமாறும்பொழுது சிரிக்காதீர்கள். பாடத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். நீங்களே அந்தப் பெர்சியாக இருந்தால், தயங்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் அறிவு குறைந்ததன்று. அது எழுத்தை அடையும் வழிதான் வேறு.