சிதறிய ஒளி சொன்ன சாட்சி

தகரக் கூரையின் ஆணி ஓட்டை வழியே காலை வெயில் கம்பிபோல் வீட்டுக்குள் இறங்குவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரிவது எதனால்? காற்றில் மிதக்கும் தூசு ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிப்பதால்தான். காண முடியாத ஓர் அலையையும் இப்படிச் சிதறிய ஒளியைக் கொண்டே விஞ்ஞானிகள் பிடித்தார்கள்.

அணுவுக்குள் இருக்கும் மிகச் சிறிய மின்துகள் எலெக்ட்ரான். அதை வேகமாக ஓட்டும் இயந்திரம் மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தருகிறது. ஆராய்ச்சிக்கோ இன்னும் பெரிய இயந்திரம் வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு என்னுமிடத்தில் 1966-இல் ஓடத் தொடங்கிய இயந்திரம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளம்! இதைச் சுருக்க 1979-இல் தாஜிமா, டாசன் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். எலெக்ட்ரான்கள் அணுவை விட்டுப் பிரிந்து திரியும் வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். அதனுள் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அலை எழும். அந்த அலை எலெக்ட்ரானைத் தள்ளிக்கொண்டு போகும் என்றார்கள்.

காகிதத்தில் கணக்குச் சரி. அலை மெய்யாகவே எழுகிறதா? அலையின் நீளமோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வேகமோ ஏறக்குறைய ஒளியின் வேகம். கம்பியை நுழைத்து அளக்கப் போனால் அலையே குலைந்துவிடும்.

1985-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிளேட்டன், ஜோஷி முதலியோர் இரண்டு அகச்சிவப்பு லேசர் ஒளிகளைச் சேர்த்துப் பாய்ச்சினர். ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் தள்ளுவது போன்ற வேலை இது. பிறகு மாணிக்க லேசரின் சிவப்பு ஒளியைக் குறுக்கே விட்டார்கள்.

லாரி ஹாரன் அடித்தபடி நம்மைக் கடந்து போகையில் ஓசை மாறுகிறதல்லவா? அசையும் அலையில் பட்டுச் சிதறும் ஒளிக்கும் அப்படியே நிறம் சற்று மாறும். அலை எத்தனை விரைவாக ஆடுகிறதோ அத்தனை மாற்றம். சிதறிய ஒளியின் பிரகாசம் அலையின் உயரத்தைச் சொல்லும். உயரம் இரு மடங்கானால் பிரகாசம் நான்கு மடங்கு. தொல்லை என்னவென்றால், அந்த ஒளி நேர்க்கதிரிலிருந்து அரை பாகைகூட விலகாது. கண் கூசும் சூரியன் பக்கத்தில் மின்மினியைத் தேடுவது போன்றதுதான். நிறம் மாறியிருந்ததால் பிரித்தெடுக்க முடிந்தது.

கணக்குச் சொன்ன இடத்திலேயே அந்த நிறம் தென்பட்டது. 1993-இல் அதே பல்கலைக்கழகத்தார் எலெக்ட்ரான்களை அத்தகைய அலைக்குள் விட்டனர். ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் அவற்றின் ஆற்றல் நான்கு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.