இடுப்புக் குழிக்குள் தேங்கும் சீழ்

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றி வந்தவருக்கு மறுநாள் அடிவயிறு வலித்தால், 'சூடு பிடிச்சிருக்கும்' என்று மோரைக் கொடுத்துப் படுக்கச் சொல்வார்கள். பலருக்கு அதோடு சரியாகிவிடும். குடல்வால் அழற்சியாக இருந்தால் கதை வேறு. அது வெடித்ததும் வலி சட்டென்று குறைந்து நம்மை ஏமாற்றும். சில நாட்களில் குளிர்காய்ச்சல் வரும். வெளிக்குப் போக அடிக்கடி முட்டும். போனால் சளிதான் வரும். மலக்குடலை ஒட்டிய பள்ளத்தில் சீழ் கட்டியிருக்கிறது என்பதற்கான அறிகுறி இது. பெண்களுக்குக் கருக்குழாய்த் தொற்றாலும் இப்படி ஆகலாம்.

மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டி பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கிலேயே வற்றிவிடும். பெரிய கட்டிக்குள் மருந்து போதிய அளவு இறங்காது. சீழை வெளியேற்றியே ஆகவேண்டும். முன்பெல்லாம் அதற்கு ஆபரேஷன்தான் வழி. சி.டி. ஸ்கேன் வந்த பிறகு, ஊசி போகும் பாதையைப் படத்தில் பார்த்தே குத்த முடிகிறது.

முன்பக்கம் குடலும் சிறுநீர்ப்பையும் மறிப்பதால் பல நேரம் பின்பக்கமாகத்தான் போக வேண்டியிருக்கிறது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, மரப்பு ஊசி போட்டு, பிட்டத்தின் வழியே இடுப்பெலும்பின் இடைவெளிக்குள் நீண்ட ஊசியைச் செலுத்துவார்கள். காலுக்குப் போகும் சியாட்டிக் நரம்பு அங்கேதான் இருக்கிறது. அதனால் முதுகுத்தண்டின் அடி எலும்போரமாகவே ஊசி போகவேண்டும். கொஞ்சம் நகர்த்துவது, மறுபடி ஸ்கேன் எடுத்து நுனி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது என்று பொறுமையாக நடக்கும் வேலை. சிரிஞ்சில் சீழ் ஏறியதும் ஊசிக்குள் மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனான பிக்டெயில் ட்யூபை ஏற்றுவார்கள். கம்பியை எடுத்ததும் ட்யூபின் நுனி உள்ளே சுருண்டு, நழுவாமல் நிற்கும். இந்தக் கம்பி உத்தி ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் 1953இல் ரத்தக் குழாய்களுக்காக வெளியிட்டது. இவ்வளவு எளிய யோசனை இத்தனை உயிர்களைக் காத்தது மருத்துவத்தில் அபூர்வம் என்பேன்.

எடுத்த சீழில் கொஞ்சம் கல்ச்சர் பரிசோதனைக்குப் போகும். எந்த மருந்து கேட்கும் என்பது அதில்தான் தெரியும். ட்யூப் அடைக்காமலிருக்க அவ்வப்போது சலைன் விட்டுக் கழுவுவார்கள். காய்ச்சல் விட்டு, வடிவது நாளுக்கு 10, 20 மில்லிக்குக் கீழே இறங்கியதும் எடுத்துவிடலாம். சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தால் மட்டும் இது போதாது, ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும்.

வலி நின்றுபோய்ப் பிறகு குளிர்காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு இருந்துவிடாதீர்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேலூருக்கோ அன்றே போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.