கடைசி வரிசைக்கும் முகம் தெரிய வேண்டும்: குறைந்த செலவில் நேரடித் திரை

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்தியபடி ஒரு தாய் மேடையில் பேசும்போது, முன்வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்த முகம் தெரிகிறது. பின்னால் நிற்பவர்களுக்கு அது ஒரு வெள்ளைச் சதுரம்தான். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் உறவுகளின் தொடர் போராட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ கூட்டங்களில் இதுதான் நிலைமை. ஒரு கமராவும் திரையும் இருந்தால் இதை மாற்றலாம்.

கிராண்ட்பாஸில் இருந்துகொண்டு கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை மண்டபங்களில் நடக்கும் நினைவுக் கூட்டங்களுக்கும் நூல் வெளியீடுகளுக்கும் செய்தி சேகரிக்கச் செல்பவன் நான். "புரொஜெக்டர் இருக்கிறது, எந்தக் கமரா வாங்கலாம்?" என்று ஏற்பாட்டாளர்கள் கேட்பார்கள். முதலில் தூரத்தை அளந்துவிட்டு வாருங்கள் என்பேன்.

கேபிள்

சுவரோரமாகவும் வாசலைச் சுற்றியும் கேபிள் போக வேண்டும் என்பதால், 20 மீற்றர் மண்டபத்துக்கு 30 மீற்றருக்கு மேல் தேவைப்படலாம். சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளை ஏறத்தாழ 10 மீற்றர் வரைதான் நம்பலாம். அதற்கு மேல் படம் விட்டுவிட்டு வரும், அல்லது திரையில் புள்ளிகள் மின்னும். இரண்டு கேபிள்களை இணைத்து நீட்டினால் சிக்கல் கூடும்.

நீண்ட தூரத்துக்கு மலிவான வழி எஸ்.டி.ஐ. கமராவின் பக்கம் ஒரு கொன்வேர்ட்டர், புரொஜெக்டரின் பக்கம் இன்னொன்று, இடையில் தரமான ஆர்.ஜி.6 கேபிள். டிஷ் அன்டெனாவுக்குப் போடும் கேபிளின் வகைதான் அது. முனையில் மட்டும் பி.என்.சி. இணைப்பு இருக்க வேண்டும். முழு எச்.டி. படம் 50 மீற்றர் வரை சிக்கலின்றிப் போகும். பி.என்.சி. திருகிப் பூட்டப்படுவதால் யாராவது இழுபட்டாலும் எளிதில் கழராது. ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிளும் நல்லதே. ஆனால் அதில் கமராப் பக்கம், திரைப் பக்கம் என்று திசை உண்டு, மடித்தால் உடைந்துவிடும்.

கமரா

மூன்று விடயங்களைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வழியே வரும் படத்தில் பட்டரி அடையாளமோ எழுத்துகளோ தெரியாமல் இருக்க வேண்டும். ஒப்டிக்கல் சூம் வேண்டும். டிஜிற்றல் சூம் படத்தைப் பெருப்பித்து மங்கலாக்கும். மின்சாரத்தில் நேரடியாக, இடையில் தானாக அணையாமல், மணிக்கணக்கில் இயங்க வேண்டும். இதற்குப் பழைய கையடக்க வீடியோ கமராவே போதும். 4கே தேவையில்லை. பல மண்டபங்களின் புரொஜெக்டர் முழு எச்.டி.யைக்கூடக் காட்டாது.

கனடாவிலிருந்து உறவினர் கமரா அனுப்பினால் கவனியுங்கள். அங்கு மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அங்குள்ள அமைப்பிலேயே எடுத்தால் மண்டப விளக்கொளியில் படம் துடிக்கலாம். மெனுவில் 50 ஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத கமராவில் ஷட்டரை 1/100இல் வையுங்கள். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தாமதம்

கைத்தொலைபேசிப் படத்தை வை-ஃபை வழியே திரைக்கு அனுப்புவது சுலபமானாலும், உதடு ஒருபக்கம் குரல் ஒருபக்கம் என்றாகிவிடும். கேபிளில் ஓரிரு பிரேம் தாமதம்தான். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லி செக்கன். முன்னால் உள்ள ஒலிபெருக்கியின் சத்தம் 30 மீற்றர் தாண்டிப் பின்வரிசையை அடையவே சுமார் 90 மில்லி செக்கன் ஆகும் என்பதால், அங்கிருப்பவர்கள் இந்தத் தாமதத்தை உணரமாட்டார்கள். இடையில் மடிக்கணினியைச் சேர்த்தால் தாமதம் கூடும்.

யாருடைய முகம்?

பெரிய திரையில் வரும் முகத்தை யாரும் தங்கள் தொலைபேசியில் பிடித்துக்கொள்ளலாம். எனவே பேசப்போகும் தாயிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர் விரும்பாவிட்டால் கையிலுள்ள படத்தை மட்டும் காட்டலாம். பதிவு வேண்டாம் என்றால் மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான கமராக்களில் அது இல்லாமலே நேரடிப் படம் போகும். பார்வையாளர் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். எங்கள் கூட்டங்களுக்கு வருவோரைப் படமெடுத்துச் செல்பவர்கள் யாரென்று இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

லமினேற் செய்த படம் விளக்கொளியில் பளபளக்கும். மேல் விளிம்பைச் சற்று முன்னால் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கமராவைக் கையில் பிடிக்காமல் ட்ரைபொட்டில் பூட்டி, அந்த முகத்தில் ஐந்தாறு செக்கனாவது நிறுத்துங்கள்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வாங்கப் போனால், கடையிலேயே கமராவையும் கேபிளையும் ஒரு ரி.வி.யில் பொருத்திப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பணம் போதாவிட்டால் கமராவில் குறையுங்கள், கேபிளிலும் ட்ரைபொட்டிலும் குறைக்காதீர்கள். கூட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் எல்லாவற்றையும் பொருத்தி, மேடையில் ஒருவரை ஒரு சிறிய படத்துடன் நிறுத்தி, கடைசி வரிசையிலிருந்து நீங்களே பாருங்கள்.