தசை வளர்க்கும் மாத்திரையும் கல்லீரலும்

பால்மரத்தின் பட்டையில் ஊக்க மருந்து தடவினால் பால் மிகுதியாக வடியும் என்பதைத் தோட்டத் தொழிலாளர்கள் நன்கு அறிவர். அம்மருந்தை அளவுமீறித் தடவினால் பட்டை வறண்டு, பால் நின்றுவிடுவதையும் அவர்கள் கண்டிருப்பர். மனித உடலும் இதற்கு விலக்கன்று.

நம் இளைஞர்கள் உடற்பயிற்சியில் ஆர்வம் கொள்வது பாராட்டுக்குரியது. ஆயினும், சில வாரங்களில் தசை திரளும் என்று கூறி விற்கப்படும் மாத்திரைகள் சிலவற்றில் அனபாலிக் ஸ்டீராய்டு அடங்கியிருக்கிறது. ஆண்களின் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனைப் போன்று செயற்கையாக ஆக்கப்படும் பொருள் இது. சத்துப்பொருள் என்னும் பெயரிலும் இது மறைந்து வருவதுண்டு. இத்தகைய பொருள்களை உட்கொண்டோருக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதென 2009 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் பொதுமக்களை எச்சரித்தது.

கல்லீரல் பாதிக்கப்படுவது ஏன்? விழுங்கும் மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்கே செல்கிறது. இயற்கையான டெஸ்டோஸ்டிரோனை விழுங்கினால், கல்லீரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். ஆதலால், மாத்திரையாக உட்கொள்ளும் ஸ்டீராய்டுகள் பலவற்றைக் கல்லீரலால் எளிதில் சிதைக்க இயலாதவாறு மாற்றியமைத்தனர். 1958இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டயனபாலும், 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் தங்கப் பதக்கத்தை இழக்கக் காரணமான ஸ்டானசோலாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. மாத்திரைக்கு வலிமை தரும் அந்த மாற்றமே கல்லீரலுக்குக் கேடாகிறது.

கல்லீரலில் ஊறும் பித்தநீர் வழியடைபட்டு இரத்தத்தில் கலக்கும்போது மஞ்சட்காமாலை தோன்றுகிறது. கண்கள் மஞ்சளாகும், சிறுநீர் தேநீர் நிறம் கொள்ளும், மலம் வெளுக்கும், உடலெங்கும் பொறுக்கவொண்ணா அரிப்பு உண்டாகும். நெடுங்காலம் உட்கொள்வோரில் சிலருக்குக் கல்லீரலில் கட்டிகளும், இரத்தம் நிறைந்த குழிகளும், அரிதாகப் புற்றுநோயும் ஏற்படலாம். அக்குழிகள் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு வீட்டிலேயே இருப்போர் உளர். அது தவறு. கல்லீரல் அழற்சிக் கிருமிகளாலும், எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சலாலும் காமாலை வரும். எதனால் வந்தது என்பதை மருத்துவரே சோதித்து அறிய வேண்டும். மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெட்கப்பட்டோ அச்சப்பட்டோ மறைத்தால் சிகிச்சை தாமதமாகும். உரிய காலத்தில் நிறுத்தியவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமடைகின்றனர்.

மருந்தோ சத்து மாத்திரையோ வாங்கும்போது, 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் பதிவெண்ணும் பாதுகாப்பு முத்திரையும் உள்ளனவா என்று பாருங்கள். அவை இல்லாதவற்றையும், நண்பர் கைமாற்றித் தரும் பெயரற்ற மாத்திரைகளையும் தவிர்த்திடுங்கள்.

முட்டை, மீன், பருப்பு, போதிய உறக்கம், இடைவிடாத பயிற்சி ஆகியவற்றால் உடல் மெல்லத்தான் வளரும். ஆனால் அவ்வளர்ச்சி நிலைக்கும். மரத்தைக் காத்துப் பால் எடுப்பவரே நெடுநாள் பயனடைவார். உடலுக்கும் அதுவே நெறி.