கொடி ஏன் பந்தல் கேட்கிறது?

தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நடந்து பாருங்கள். கொல்லைப்புறத்தில், கிணற்றை ஒட்டியோ மாட்டுக் கொட்டகையை ஒட்டியோ, ஓர் ஆள் உயரத்தில் ஒரு பந்தல் நிற்கும். படுகையில் வெட்டிய மூங்கில், நான்கு பூவரசங்கால், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறு. இவ்வளவுதான் அதன் கட்டுமானம். ஆடியில் ஊன்றிய அவரையோ புடலையோ அதன்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும். விற்பனைக்குப் பயிரிடுவோர் இதையே கல்தூணும் கம்பியும் கொண்டு கட்டுகிறார்கள். இப்போது நைலான் வலையும் வந்துவிட்டது.

காய் மண்ணில் பட்டு அழுகாமல் இருக்கவே பந்தல் என்று நாம் நினைக்கிறோம். அது உண்மைதான். காவிரிப் படுகையின் களிமண்ணில் மழைநீர் தேங்கினால், தரையில் கிடக்கும் காய் தப்பாது. ஆனால் அது ஒன்றே காரணமானால், கொடியை ஒரு மரத்தின்மேல் ஏற்றிவிட்டால் போதுமே! அப்படி ஏற்றிவிட்டவர்கள், "கொடி ஓடுகிறதே தவிர, காய்க்கக் காணோம்" என்று குறைப்படுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பந்தலில் படர்ந்தால் காய்க்கும் கொடி, மரத்தில் ஏறினால் ஏன் கைவிரிக்கிறது?

கொடியைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். அது விழித்தால் பக்கக் கிளை ஆகும். ஆனால் நுனிக் குருத்து ஓங்கி வளரும்வரை, இந்த மொட்டுகளில் பெரும்பாலானவை விழிப்பதில்லை. இதைத் தாவரவியலார் நுனி ஆதிக்கம் என்பர். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் தண்டின் வழியே கீழே இறங்குகிறது. ஹாலந்து விஞ்ஞானி வென்ட், ஓட்ஸ் முளைக்குருத்தின் நுனியை வெட்டி அகர் கட்டியின்மேல் வைத்து, இந்தப் பொருள் அதில் இறங்குவதை 1920களில் மெய்ப்பித்தார். அடுத்த பத்தாண்டில் திமான், ஸ்கூக் என்ற இருவர் ஒருவகை அவரைச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சினை வைத்தார்கள். நுனி போன பிறகும் பக்க மொட்டுகள் அடங்கியே கிடந்தன. அதிகாரி ஊரில் இல்லை. ஆனாலும் அவர் கையெழுத்திட்ட உத்தரவு மேசைமேல் இருக்கிறது!

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. 2014-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் பட்டாணிச் செடியை ஆராய்ந்து, இதில் சர்க்கரைக்கும் பெரும் பங்கு உண்டென்று காட்டினார்கள். நுனியைக் கிள்ளிய சில மணி நேரத்திலேயே, நெடுந்தொலைவு கீழே உள்ள மொட்டுகள் வளரத் தொடங்கிவிடுகின்றன. ஆக்சின் குறைந்த சேதி அவ்வளவு விரைவில் அங்கே போய்ச் சேர முடியாது. இலைகள் தயாரிக்கும் சர்க்கரையை ஓங்கி வளரும் நுனி தன்பால் இழுத்துக்கொண்டிருந்தது. நுனி நீங்கியதும் அது பக்க மொட்டுகளுக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு மதகை அடைத்தால் மற்ற வாய்க்கால்களில் தண்ணீர் ஏறும் என்பது தஞ்சை விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பக்கக் கிளையில் நமக்கு என்ன ஆதாயம்? சுரையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்கொடியில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். காயாகும் பெண் பூக்கள் பக்கக் கிளைகளில்தான் மிகுதி. செங்குத்தாக ஏறும் கொடியில் நுனியின் அதிகாரம் ஓங்கியிருக்கும். பக்கக் கிளைகள் குறையும். தண்டைக் கிடையாகப் படுக்க வைத்தால் பல செடிகளில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. ஆப்பிள் தோட்டக்காரர்கள் கிளைகளை வளைத்துக் கட்டுவதும் இதற்காகவே. ஆகவே பந்தல் என்பது கொடிக்கு வெறும் தாங்கி அன்று. நுனியின் அதிகாரத்தைப் பல கணுக்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு.

அடுத்தது வெயில். தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 18 வாக்கிலும், மறுபடி ஆகஸ்டு 25 வாக்கிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். சூரியன் தெற்கே மிகவும் சாய்ந்திருக்கும் மார்கழியில்கூட நண்பகலில் அது 56 பாகை உயரத்தில் இருக்கும். அதே நாளில் லண்டனில் சூரியன் 15 பாகை மட்டுமே எழும். இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் பழமரங்களைத் தெற்கு நோக்கிய சுவரில் தட்டையாகப் படர விடுவதன் பொருத்தம் இப்போது விளங்குகிறதல்லவா? சரிந்து வரும் வெயிலை ஏந்தச் செங்குத்துச் சுவர்தான் சரி. நமக்கோ வெயில் மேலிருந்து இறங்குகிறது. சித்திரை உச்சிவேளையில் நம்மூர்ச் சுவரின்மீது நேர்வெயில் அநேகமாக விழுவதே இல்லை. பந்தல்மீது முழுதும் விழுகிறது. பந்தலின் எந்த மூலையும் இன்னொரு மூலைக்கு நிழல் தருவதில்லை.

ஆனால் இலை இரண்டு மூன்று அடுக்காக அடர்ந்துவிட்டால் இந்த ஆதாயம் போய்விடும். மேல் அடுக்கு வெயிலைக் குடித்துவிடும். கீழ் இலைகள் மஞ்சளிக்கும். காற்றோட்டம் குறைந்து சாம்பல் நோய் புகும். (நெல் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறது. 1966-இல் வந்த ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்களின் இலைகள் நிமிர்ந்து நிற்பதால் வெயில் அடிவரை இறங்குகிறது.)

நீங்களே செய்து பார்க்க விரும்பினால், கொடி பந்தலைத் தொடும்வரை ஒற்றைத் தண்டாக ஏற்றுங்கள். வழியில் வரும் பக்கக் கிளைகளை அகற்றிவிடுங்கள். பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளுங்கள். பிறகு எழும் கிளைகளை நான்கு திசைக்கும் பிரித்து, வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். ஒன்று மற்றதன்மேல் ஏற விடாதீர்கள். இந்த வேலைக்குக் காலை நேரம் ஆகாது. தண்டில் நீர் நிறைந்து விறைத்திருப்பதால் வளைத்தால் ஒடியும். பிற்பகலில் அது சற்றுத் துவண்டு, சொன்னபடி கேட்கும். புடலங்காயின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். காய் சுருளாமல் நேராக நீளும்.

எல்லாக் கொடிக்கும் இந்த விதி செல்லாது. கும்பகோணம் வட்டாரத்து வெற்றிலையைப் பாருங்கள். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை இது. கொடிக்காலில் அகத்தியை நட்டு, அதன்மேல் நேராக ஏற்றுகிறார்கள். வெற்றிலை நிழல் விரும்பும் கொடி. அகத்தியின் சிற்றிலைகள் வெயிலை வடிகட்டித் தருகின்றன. கணுக்களில் விடும் வேர்களால் அது மரத்தைப் பற்றிக்கொள்ளும். நமக்கு வேண்டியதும் காயன்று, இலை. அதனால் கொடி மிக உயர்ந்ததும் அதை இறக்கி, அடித்தண்டை மண்ணில் புதைத்து, நுனியை மறுபடி ஏற்றுகிறார்கள்.

கொல்லை இல்லாத நகரவாசிகள் வீட்டுக்குள் விளக்கொளியில் மிளகாயோ தக்காளியோ வளர்ப்பதுண்டு. அவர்களுக்குப் பந்தலின் தேவை இன்னும் கூடுதல். சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் ஓரடி உயர வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. சிறிய விளக்கு அப்படியன்று. தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். விளக்குக்கு ஓரடியில் உள்ள குருத்து பொசுங்கும்போது, ஈரடியில் உள்ள கிளை பட்டினி கிடக்கும். தொட்டிக்கு மேலே கிடையாக ஒரு வலையைக் கட்டி, எழும் கிளைகளை அதன் கண்களுக்கு அடியில் மடித்துவிட்டால் எல்லா நுனிகளும் ஒரே மட்டத்துக்கு வரும். செடி இளசாக இருக்கும்போதே வலையைக் கட்டிவிடுங்கள். பூ வைத்த பிறகு கட்டப் போனால், தண்டு முற்றி வளையாமல் முறிந்துவிடும்.