கரும்பலகைக்கு நம் பிள்ளையும் வரட்டும்

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அம்பேத்கர் படித்த காலம். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டும்படி ஆசிரியர் அவரை அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. சாதி இந்து மாணவர்கள் தங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அவர் பக்கத்தில் போனால் தீட்டுப் பட்டுவிடுமாம். ஓடிப்போய்ப் பாத்திரங்களை அப்புறப்படுத்திய பிறகுதான் அவரால் பலகையை நெருங்க முடிந்தது. அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் அறிந்த செய்தி இது.

நூறாண்டு கடந்துவிட்டது. இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனாலும் நாம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் கணக்குப் பாடம் நடக்கும்போது, கரும்பலகைக்கு எந்தப் பிள்ளை அழைக்கப்படுகிறது?

கணக்கு மாடிப்படி போன்ற பாடம். இரண்டாம் வகுப்பில் இடமதிப்பு புரியாத பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் புரியாது. அது புரியாவிட்டால் வகுத்தல் வராது. பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்ச் சில மாதம் பள்ளியை விட்டுத் திரும்பும் பிள்ளை, நடுவில் நாலு படி இல்லாத ஏணியில் ஏற வேண்டியிருக்கிறது. ஆசிரியர் கேட்கும்போது அது விழிக்கிறது. நாலு முறை விழித்தால் ஐந்தாம் முறை கேட்பதில்லை. "இவனுக்குக் கணக்கு வராது" என்ற பட்டம் எட்டு வயதிலேயே சூட்டப்பட்டுவிடுகிறது. நம் வீட்டிலும் அதை நம்பிவிடுகிறோம்.

2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியர் ராமானுஜம். பள்ளிக் கணிதத்தின் முதன்மையான சிக்கலாக அந்தக் குழு எடுத்துக் காட்டியது, பெரும்பாலான பிள்ளைகளிடம் உள்ள பயத்தையும் தோற்றுவிட்டோம் என்ற உணர்வையும்தான். பிள்ளையின் மூளையில் குறை இருப்பதாக அது சொல்லவில்லை.

கணக்கு யார் கையில் இருந்தது?

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம் எல்லாம் மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டன. கால், அரைக்கால், வீசம் என்று இறங்கி, 320ல் ஒரு பங்கான முந்திரி வரை பிள்ளைகள் ஒப்பித்தார்கள். நெல்லை அளக்கவும் நிலத்தை அளக்கவும் வரியை எழுதவும் தேவைப்பட்ட கணக்கு அது. ஆனால் களத்தில் நெல்லடித்தவன் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. உழைப்பு நம்முடையது, அளவு இன்னொருவருடையது. கிராமக் கணக்கு வேலை பரம்பரை பரம்பரையாகச் சில குடும்பங்களின் கையில் இருந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டதே 1980ல்தான்.

மாற்று முயற்சிகளும் நடந்தன. 1894ல் சென்னை அடையாறுக்குப் பக்கத்தில் ஊரூரில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அது பின்னாளில் ஐந்து பள்ளிகளாக வளர்ந்தது. அவற்றின் கண்காணிப்பாளராக இருந்த கோர்ட்ரைட் அம்மையார் இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறோம் என்று 1906ல் ஒரு சிறு நூலே எழுதினார். வெறும் ஒப்பித்தலை விட்டு, பிள்ளைகள் பொருள்களைக் கையாண்டு கற்கும் கிண்டர்கார்டன் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். இப்போது புதுமை என்று பேசப்படும் முறை, நூறாண்டுக்கு முன்பே சேரிப் பிள்ளைகளின் பள்ளியில் நடந்திருக்கிறது.

பத்துக் குச்சி ஒரு கட்டு

கையில் பொருள் இருந்தால் என்ன ஆகும்? 42ல் 17 போக எவ்வளவு என்று பார்ப்போம். "2ல் 7 போகாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்கிறோம். யாரிடம் கடன், எதற்குக் கடன் என்று பிள்ளைக்கு விளங்குவதில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி நாலு கட்டும், இரண்டு உதிரியும் கொடுங்கள். 17 குச்சி எடுக்கச் சொல்லுங்கள். உதிரி போதாது என்றதும் பிள்ளை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். உதிரி 12 ஆகிவிடும். அதில் 7 எடுத்தால் 5. மீதி மூன்று கட்டில் ஒன்றை எடுத்தால் இரண்டு கட்டு. விடை 25. கடன் என்ற சொல்லே தேவைப்படவில்லை.

அம்மையார்குப்பம் போன்ற நெசவு ஊரில் பெருக்கலுக்குப் புத்தகத்தைத் தாண்டியும் பொருள் உண்டு. ஒரு லுங்கியின் கட்டத்துக்குச் சிவப்பு 24 இழை, வெள்ளை 12 இழை என்று வைத்துக்கொள்வோம். 30 கட்டத்துக்குச் சிவப்பு 720, வெள்ளை 360. தறிச் சத்தத்தோடு வளரும் பிள்ளைக்கு இது அந்நியக் கணக்கில்லை.

இன்னொன்று நம் எல்லைப் பகுதிக்கே உரியது. திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1960 ஏப்ரல் 1ல். இன்றும் இங்கே பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றிலும் அப்படியே. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பது 'தொம்மிதி', தொண்ணூறு 'தொம்பை', தொள்ளாயிரம் 'தொம்மிதி வந்தலு'. தமிழிலோ தொண்ணூறுக்குள் நூறும், தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒலிக்கின்றன. தமிழ் வீட்டுப் பிள்ளையே இங்கே தடுமாறும். தெலுங்கு வீட்டுப் பிள்ளை தவறாக எழுதினால் அது கணக்குத் தெரியாததாக இருக்காது; சொல் குழப்பியிருக்கும். எண்ணை இரண்டு மொழியிலும் ஒருமுறை சொல்லிவிட்டு எழுதச் சொன்னால் போதும்.

அரும்பிலேயே நிற்பது யார்?

ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி முறையைப் பார்த்து, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 2022 ஜூன் 13ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் பிள்ளைகள் கற்றல் நிலையின்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டார்கள்.

நிலைக்கேற்பக் கற்பிப்பது நல்லது. பின்தங்கிய பிள்ளையை முன்னே கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். ஆனால் பிரித்து உட்கார வைத்தபின் யாரும் கவனிக்காவிட்டால், அரும்பு அரும்பாகவே நிற்கும். ஆண்டு முடிவிலும் அரும்பில் இருப்பவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று எண்ணிப் பார்க்க வேண்டியது பள்ளியும் நாமும்.

இது மதிப்பெண்ணோடு முடிகிற சங்கதியாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டாம். ஐந்து வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,000 ரூபாய் வட்டி. இருபது மாதத்தில் வாங்கிய பணம் அவ்வளவும் வட்டியாகவே போய்விடுகிறது. அசல் அப்படியே நிற்கிறது. ஆண்டுக்கு 60 விழுக்காடு என்று சொல்லிக் கொடுத்தால் கைநாட்டு வைக்கும் கை கொஞ்சம் தயங்கும். கொத்தடிமை முறை 1976ல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனாலும் முன்பணக் கணக்கு சூளை முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கும் வரை அந்த முறை வேறு பெயரில் உயிரோடிருக்கும். நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த மகள் வீட்டில் இருப்பது பெரிய பாதுகாப்பு.

நாம் செய்யக்கூடியது

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்களின் விகிதப்படி இடமும், பாதி இடம் பெண்களுக்கும் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு நம் பெண்கள் போக வேண்டும். போய் மூன்று கேள்வி கேட்டால் போதும். கணக்குப் பொருள்கள் அலமாரியில் இருக்கின்றனவா, பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா? சூளையிலிருந்து திரும்பிய பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தை யார், எப்போது சொல்லித் தருகிறார்கள்? இந்த மாதம் என் பிள்ளை எத்தனை முறை கரும்பலகைக்குப் போனது?

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேலை உண்டு. மாலையில் ஒரு மணி நேரம், தெருவிளக்கின் கீழே, ஒரு சிறு கரும்பலகை, கொஞ்சம் புளியங்கொட்டை, ஈர்க்குச்சிக் கட்டுகள். தப்பாகப் போட்டாலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை பலகைக்கு வந்து போகட்டும்.

ஆசிரியர் தினம் எவருடைய பிறந்தநாளோ, அந்த ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் நம் திருத்தணி. செப்டம்பர் 5ல் ஆசிரியர்களுக்கு நாம் வாழ்த்துச் சொல்லும்போது கூடவே ஒரு வேண்டுகோளையும் வைப்போம்: கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழையுங்கள், சுண்ணக்கட்டியை அதன் கையில் கொடுங்கள்.